சாவி கொடுத்த வாட்சும் சார்ஜ் போடுகிற வாட்சும்

பதிவு கொஞ்சம் நீளம். வீட்டுப்பாடம் இல்லை, பயப்படாமல் படியுங்கள்.

போன மாதம் விடியற்காலையில் நான் குளியலறையில் வழுக்கி விழுந்தது உங்களில் பலருக்குத் தெரிந்துவிட்டது. வலது கணுக்காலில் முறிவு, மாவுக்கட்டு போட்டிருக்கிறது. போன் செய்தவர்கள் எல்லோரும் நலம் விசாரித்த கையோடு ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "டீச்சர், உங்க பையன் சிங்கப்பூர்லேருந்து வாங்கிக் கொடுத்த வாட்ச் இருக்கே, விழுந்தா தானே போன் பண்ணுமே, அது பண்ணலையா?"

பண்ணவில்லை. ஏனென்றால் அது என் கையில் இல்லை. பீரோ மேல் சார்ஜில் இருந்தது. முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தேன். பக்கத்து வீட்டு மருமகள் கோலம் போட வெளியே வந்தபோதுதான் என் சத்தம் அவள் காதில் விழுந்தது. ஆட்டோ வரும்வரை என்னைக் கட்டிலில் உட்கார வைத்திருந்தார்கள். அப்போது பீரோ மேல் பார்த்தேன். நூறு சதவீதம் சார்ஜ் ஏறி, பச்சை வட்டத்தோடு அழகாக மின்னிக்கொண்டிருந்தது அந்த வாட்ச்.

கட்டிலோடு கிடக்கிற இந்த நாட்களில் இதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மணி பார்க்கிற ஒரு பொருள் எப்படி நமக்குக் காவலாளாக மாறியது? காவலாள் ஏன் தினமும் தூங்கப் போகிறான்? வரலாற்றைக் கொஞ்சம் பின்னால் தள்ளிப் பார்த்தால் விடை கிடைக்கிறது.

ஒரு நாளைக்கு 60 நாழிகை, நாழிகைக்கு 24 நிமிடம் என்று நான் கரும்பலகையில் எழுதியது சிலருக்காவது ஞாபகம் இருக்கும். அந்தக் காலத்து அரண்மனைகளில் நாழிகை வட்டிலில் தண்ணீர் விட்டு நேரம் அளந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள நாழிகைக் கணக்கர் என்றே ஆட்கள் இருந்தார்கள். இரவெல்லாம் கண்விழித்து வட்டிலைக் கவனிப்பதுதான் அவர்கள் வேலை. அவர்கள் கண் அசந்தால் நேரமும் நின்றுவிடும். நம் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் செய்தி: பழைய அகராதிகளில் நாழிகை என்ற சொல்லுக்கு நெசவுக்காரர் கையில் ஓடும் நாடா என்றும் ஒரு பொருள் உண்டு. தறியில் இருந்த சொல்லும் நேரத்தில் இருந்த சொல்லும் ஒன்றே என்பதில் எனக்கு எப்போதும் ஒரு பெருமை.

எங்கள் அப்பா தறிக்காரர். குழித்தறியில் உட்கார்ந்து முகூர்த்தப் புடவை நெய்தவர். அவரிடம் இருந்தது ஓர் எச்.எம்.டி. ஜனதா வாட்ச். ஆனால் தறியில் உட்காரும்போது அதைக் கட்டமாட்டார். வாட்ச் செயின் பாவில் பட்டால் பட்டு இழை அறுந்துவிடும் என்று, தறிக்குப் பக்கத்துச் சுவரில் ஓர் ஆணி அடித்து அதில் மாட்டிவிடுவார். காலையில் டெல்லியிலிருந்து 7.15 மணிக்கு வானொலியில் தமிழ்ச் செய்தி வரும். சரோஜ் நாராயணசாமியின் குரல் தெருவெல்லாம் கேட்கும். அந்த நேரத்துக்கு முள்ளைத் திருத்தி, சாவி கொடுப்பார். இருபது இருபத்தைந்து சுற்று. எங்கள் யாரையும் தொடவிடமாட்டார். "சாவியை முறுக்கிடுவீங்க" என்பார். அவர் காய்ச்சலில் படுத்த நாட்களில் மட்டும் எனக்கு அந்த வேலை கிடைத்தது. விரலில் அந்தச் சாவியின் ரம்பப் பல் பட்ட உணர்வு இன்னும் இருக்கிறது.

அந்த எச்.எம்.டி.க்கு ஒரு பெரிய கதை உண்டு. இந்துஸ்தான் மெஷின் டூல்ஸ் என்ற மத்திய அரசு நிறுவனம் 1953-ல் பெங்களூரில் தொடங்கியது, இயந்திரங்களைச் செய்கிற இயந்திரங்கள் செய்வதற்காக. 1961-ல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்பத்தோடு கைக்கடிகாரம் செய்யத் தொடங்கினார்கள். முதலில் வந்தவற்றை வெளியிட்டவர் பிரதமர் நேரு. அதற்கு முன் நல்ல வாட்ச் என்றால் சுவிட்சர்லாந்து சரக்குதான். பணக்காரர் கையிலும் ரயில்வே அதிகாரி கையிலும் இருக்கும். எச்.எம்.டி. வந்த பிறகுதான் தறிக்காரர் வீட்டுச் சுவரிலும் வாத்தியார் கையிலும் வாட்ச் வந்தது. கல்யாணத்தில் மாப்பிள்ளைக்கு வாட்ச் என்பது ஒரு சடங்காகவே ஆனது. கண் தெரியாதவர்கள் மூடியைத் திறந்து முள்ளைத் தொட்டுப் பார்க்கிற பிரெயில் வாட்ச்கூடச் செய்தார்கள். வாட்ச் நேரம் காட்டுவதைத் தாண்டி ஒருவருக்குத் துணையாக இருக்க முடியும் என்பதை நான் முதலில் அதில்தான் பார்த்தேன்.

உள்ளே இருப்பது ஒரு சுருள்வில். சாவி கொடுத்தால் சுருங்கும், பிறகு மெல்ல மெல்ல விரியும். ஒரு முறை முழுதாக முறுக்கினால் ஒன்றரை நாள் ஓடும். ஆக தினமும் சாவி கொடுத்தாக வேண்டும். அந்தச் சக்தி எங்கிருந்து வந்தது? அப்பாவின் கட்டைவிரலிலிருந்தும் ஆள்காட்டி விரலிலிருந்தும். மின்வாரியத்துக்கு இதில் வேலையே இல்லை.

அடுத்த மாற்றம் ஜப்பானில் நடந்தது. 1969-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அன்று டோக்கியோவில் சீகோ நிறுவனம் அஸ்ட்ரான் என்ற கைக்கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் அதுதான். விலை 4,50,000 யென். அந்த விலைக்கு அன்று ஒரு சின்னக் காரே வாங்கலாம்.

குவார்ட்ஸ் என்பது படிகக்கல். அதில் மின்சாரம் செலுத்தினால் துடிக்கும். இப்படி அழுத்தத்துக்கும் மின்சாரத்துக்கும் உறவுள்ள படிகங்களை 1880-ல் கண்டுபிடித்தவர்கள் கியூரி சகோதரர்கள். அவர்களில் தம்பி பியேர்தான் பின்னாளில் மேரி கியூரியின் கணவர். இன்றைய சாதாரண குவார்ட்ஸ் வாட்சில் இருக்கும் கல் ஒரு விநாடிக்கு 32,768 முறை துடிக்கிறது. ஏன் இந்த விநோத எண்? பாதியாக்கிப் பாருங்கள். 16,384. மறுபடி பாதி 8,192. இப்படிப் பதினைந்து முறை பாதியாக்கினால் சரியாக ஒன்று வரும். விநாடிக்கு ஒரு தட்டு. ஐந்தாம் வகுப்பில் இந்தக் கணக்கைப் போட வைத்து, பதினைந்தாவது வரியில் ஒன்று வந்ததும் பிள்ளைகள் கை தட்டியது எனக்கு நினைவிருக்கிறது. அடுத்த பிறவியிலும் வாத்தியார் வேலை கிடைத்தால் அந்தக் கணக்கைத்தான் முதலில் நடத்துவேன்.

இந்தக் கல்லுக்குச் சாவி வேண்டாம். சட்டைப் பித்தான் அளவுக்குக்கூட வராத ஒரு செல் போதும், இரண்டு வருடம் ஓடும். தினமும் கவனிக்க வேண்டிய பொருளாக இருந்த வாட்ச், மறந்துவிடக்கூடிய பொருளாக மாறியது அப்போதுதான்.

நம் தமிழ்நாட்டுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. 1984-ல் டாடா நிறுவனமும் தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகமான டிட்கோவும் சேர்ந்து டைட்டன் வாட்சஸ் நிறுவனத்தைத் தொடங்கின. டாடா இண்டஸ்ட்ரீஸ், தமிழ்நாடு என்ற இரண்டு பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தால் டைட்டன். பெயரிலேயே நம் மாநிலம் இருக்கிறது, கவனித்திருக்கிறீர்களா? தொழிற்சாலை ஓசூரில். அன்று அது தர்மபுரி மாவட்டம். பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து வேலையில் வைத்தார்கள். 1987-ல் கடைகளுக்கு வந்த டைட்டன் குவார்ட்ஸையே நம்பி இறங்கியது. அதைத் தலைமையேற்று நடத்தியவர் செர்க்சஸ் தேசாய். டி.வி. விளம்பரத்தில் மொசார்ட் இசை வரும். இசை யாருடையது என்று அன்று நமக்குத் தெரியாது, ஆனால் இன்றும் அந்த இசையைக் கேட்டால் மணிக்கட்டைப் பார்ப்போம்.

எச்.எம்.டி.யும் 1980களின் தொடக்கத்திலேயே குவார்ட்ஸ் செய்தது. ஆனால் சாவி வாட்சைத்தான் ஜனங்கள் கேட்பார்கள் என்று நம்பி, அதையே பெரும்பாலும் செய்துகொண்டிருந்தது. ஜனங்கள் மாறிவிட்டார்கள். 2016 ஜனவரியில் எச்.எம்.டி. வாட்சஸ் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. அன்று பேப்பரில் அந்தச் செய்தியைப் படித்துவிட்டு, பீரோவிலிருந்து அப்பா வாட்சை எடுத்து சாவி கொடுத்தேன். ஓடியது.

இதற்கிடையில் வேறொரு கிளைக்கதை இருக்கிறது. ஸ்மார்ட் வாட்சின் உண்மையான மூதாதை அதுதான் என்பது என் எண்ணம். 1972-ல் அமெரிக்காவில் ஹாமில்டன் நிறுவனம் பல்சர் என்ற வாட்சை விற்றது. முள் கிடையாது. சிவப்பு எண்கள் ஒளிரும். 18 காரட் தங்கம், 2,100 டாலர். 1973-ல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படத்தில் ரோஜர் மூர் கையில் அதைப் பார்க்கலாம். அதில் ஒரு வேடிக்கை. பட்டனை அமுக்கினால்தான் மணி தெரியும். மற்ற நேரம் வெறும் கறுப்புக் கண்ணாடி. எப்போதும் எரிந்துகொண்டிருந்தால் பேட்டரி தாங்காது! இன்று உங்கள் கையில் இருக்கும் வாட்சும் கையைத் திருப்பினால்தான் எரிகிறது, இல்லையா? ஐம்பது வருடம் ஆகியும் அதே சிக்கல்தான்.

பிறகு வந்த எல்.சி.டி. திரை தானாக ஒளி விடாது, அதனால் மின்சாரமும் சொற்பம். 1980களில் சென்னை பர்மா பஜாரிலிருந்து நம் ஊருக்கு வந்த டிஜிட்டல் வாட்சுகள் அந்த வகை. பாட்டுப் பாடும், அலாரம் அடிக்கும். வகுப்பில் ஒரு பையனின் வாட்ச் மணிக்கு ஒருமுறை "பீப்" என்று கத்தி, நான் அதைப் பிடுங்கி மேசை டிராயரில் வைத்தேன். டிராயருக்குள்ளும் கத்தியது. அந்தப் பையன் இதைப் படிக்கிறான் என்று தெரியும். மன்னித்துவிட்டேன். 1989-ல் காசியோ கொண்டுவந்த எப்-91டபிள்யூ என்ற சாதாரண பிளாஸ்டிக் வாட்ச் ஒரே செல்லில் ஏழு வருடம் ஓடும். இன்றைக்கும் விற்கிறார்கள். நேரம், தேதி, அலாரம், ஸ்டாப் வாட்ச், ஒரு சின்ன விளக்கு. அவ்வளவுதான் அதன் குடும்பம்.

கம்ப்யூட்டரையே மணிக்கட்டில் கட்டலாம் என்ற ஆசை 2000-த்தில் பலித்தது. ஐ.பி.எம். ஆராய்ச்சிக்கூடத்தில் சந்திரா நாராயணசாமியும் அவர் குழுவினரும் லினக்ஸ் ஓடும் ஒரு வாட்சைச் செய்து காட்டினார்கள். அவ்வளவு சின்ன இடத்தில் எல்லாவற்றையும் அடக்கியது பெரிய சாதனை. ஆனால் சின்ன இடம் என்றால் சின்ன பேட்டரி, அதனோடுதான் போராட்டம். 2012-ல் பெபிள் என்ற வாட்சுக்காகப் பொதுமக்களே இணையத்தில் முன்பணம் கட்டி ஒரு கோடி டாலருக்கு மேல் கொடுத்தார்கள். அதன் திரை அச்சிட்ட காகிதம் போல, வெயிலிலும் தெரியும், மின்சாரம் கொஞ்சமே குடிக்கும், ஒரு வாரம் ஓடும். 2015 ஏப்ரலில் ஆப்பிள் வாட்ச் வந்தது. நிறுவனம் சொன்ன கணக்கு 18 மணி நேரம்.

இப்போது நோட்டை எடுங்கள், ஒரு கணக்கு.

சாதாரண குவார்ட்ஸ் வாட்சில் போடும் 626 எண் செல்லில் இருப்பது சுமார் 28 மில்லி ஆம்பியர்-மணி. அது இரண்டு வருடம், அதாவது சுமார் 17,500 மணி நேரம் ஓடுகிறது. முதல் ஆப்பிள் வாட்சின் சின்ன மாடலில் இருந்தது 205 மில்லி ஆம்பியர்-மணி. ஏழு மடங்கு பெரிய பேட்டரி! ஓடியது 18 மணி நேரம். வகுத்துப் பார்த்தால், ஒரு மணி நேரத்துக்கு இது அதைவிட ஏறத்தாழ 7,000 மடங்கு மின்சாரம் தின்கிறது. வோல்ட் வித்தியாசத்தையும் சேர்த்தால் இன்னும் கூடும்.

என்ன வேலை செய்கிறது அப்படி? வாட்சைக் கழற்றி அடிப்பக்கம் பாருங்கள், பச்சை விளக்கு மினுக்கும். ரத்தம் சிவப்பு, சிவப்பு பச்சை ஒளியை உறிஞ்சும். இதயம் ஒரு முறை துடித்தால் மணிக்கட்டில் ரத்தம் கூடும், திரும்பி வரும் பச்சை குறையும். அந்தக் கூடல் குறைச்சலை எண்ணித்தான் நாடித்துடிப்பைச் சொல்கிறது. ஆக்சிஜனுக்குச் சிவப்பு ஒளியும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பும். கொரோனா காலத்தில் நாமெல்லாம் விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே முறை. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970களில் கண்டுபிடித்தது. இதோடு கையின் அசைவைக் கவனிக்கும் சில்லு, போனோடு பேசும் புளூடூத், வழி பார்க்கும் ஜி.பி.எஸ்., வண்ணத்திரை. எல்லாம் ஒரே சட்டியில் சாப்பிட உட்கார்ந்தால் சோறு எத்தனை நேரம் வரும்? இவற்றில் பெருந்தீனிக்காரர்கள் திரையும் ஜி.பி.எஸ்.ஸும்தான். அதனால்தான் கறுப்புப் பின்னணி வைக்கச் சொல்கிறார்கள். அமோலெட் திரையில் கறுப்பு என்றால் அந்தப் புள்ளி எரியவே இல்லை என்று அர்த்தம்.

இன்னொரு விஷயமும் என் மாணவன் ஒருவன் சொல்லித்தான் புரிந்தது. காஞ்சிபுரத்தில் மொபைல் கடை வைத்திருக்கிறான். "டீச்சர், ரெண்டாயிரம் ரூபா வாட்ச் பத்து நாள் வருது, நாப்பதாயிரம் ரூபா வாட்ச் ஒண்ணரை நாள்தான் வருதுன்னு சண்டைக்கு வர்றாங்க" என்றான். விலை குறைந்ததில் உள்ளே இருப்பது சின்ன மென்பொருள், சொன்ன நாலு வேலையை மட்டும் செய்யும். விலை கூடியதில் இருப்பது முழுக் கம்ப்யூட்டர். என் மகன் வாங்கிக் கொடுத்தது இரண்டாவது ரகம். விழுந்தால் கண்டுபிடிக்கும் வசதி பெரும்பாலும் அந்த ரகத்தில்தான் இருக்கிறது.

வசதிகளை அப்படியே நம்பிவிடவும் வேண்டாம். தறியில் உட்காரும் என் அண்ணன் மகன் ஒரு வாட்ச் கட்டிக்கொண்டு நெய்தான். குழியை விட்டு எழுந்திருக்கவே இல்லை, சாயங்காலம் ஆறாயிரம் அடி நடந்ததாகக் காட்டியது! அவன் நாடா ஓட்ட இழுத்த ஒவ்வொரு கை வீச்சையும் அது ஓர் அடியாக எண்ணியிருக்கிறது. அந்தப் பத்தாயிரம் அடிக் கணக்கே ஜப்பானில் 1965-ல் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியதுதான், வைத்தியர் சீட்டிலிருந்து வந்ததல்ல.

இது சிரிக்கிற விஷயம். சிரிக்க முடியாதது ஒன்றும் நடந்தது. என் சித்தி ஒருவர், ஊசி குத்தாமல் சர்க்கரை காட்டும் என்று யாரோ சொன்ன ஒரு வாட்சை வாங்கி, அதில் வந்த எண்ணை நம்பி மாத்திரையைக் குறைத்துவிட்டார். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். தோலில் குத்தாமல் சர்க்கரை அளப்பதாகச் சொல்லும் வாட்ச், மோதிரம் எதையும் நம்பாதீர்கள் என்று அமெரிக்காவின் எப்.டி.ஏ. 2024 பிப்ரவரியிலேயே எச்சரித்திருக்கிறது. அப்படி ஒரு வாட்சுக்கும் தாங்கள் அனுமதி கொடுக்கவில்லை என்றும் சொன்னது. சொந்தக்காரர்கள் இதை மட்டுமாவது தயவுசெய்து வீட்டுப் பெரியவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள்.

பேட்டரி ஆயுளில் இன்னொரு கணக்கும் உண்டு. இன்று எத்தனை மணி நேரம் என்பது ஒன்று, எத்தனை வருடம் என்பது வேறு. லித்தியம் பேட்டரி சில நூறு தடவை சார்ஜ் ஏறி இறங்கியதும் தளர ஆரம்பிக்கும். சூடு அதற்கு ஆகாது. பழைய வாட்சில் ரிப்பேர் கடைக்காரர் கண்ணில் லென்ஸ் மாட்டிக்கொண்டு, ஐந்து நிமிடத்தில் செல் மாற்றிக் கொடுத்துவிடுவார். இதைப் பசை போட்டு ஒட்டியிருக்கிறார்கள். அப்பாவின் ஜனதாவுக்கு ஐம்பது வயது இருக்கும். மகன் கொடுத்த வாட்சுக்கு ஐந்தாம் பிறந்தநாள் வருமா என்பது சந்தேகம்தான்.

அதற்காக இதைக் கழற்றி வைக்கப் போவதில்லை. தனியாக இருக்கும் பொம்பளைக்கு விழுந்தால் குரல் கொடுக்கிற ஒன்று கையில் இருப்பது சின்ன விஷயமில்லை. தப்பு சார்ஜ் போடும் நேரத்தில்தான். எல்லோரும் சொல்வதுபோல் படுக்கும்போது சார்ஜ் போட்டேன். ஆனால் என்னைப் போன்ற வயசுக்காரர்கள் விழுவது எப்போது? ராத்திரி பாத்ரூம் போக எழுந்திருக்கும்போது, விடிகாலையில் தூக்கக் கலக்கத்தில், ஈரத் தரையில். காவலாளுக்கு அந்த நேரம் பார்த்து நானே லீவு கொடுத்திருக்கிறேன்.

இப்போது மாற்றிவிட்டேன். சாயங்காலம் ஏழரை மணிக்கு சீரியல் பார்க்க நாற்காலியில் உட்காரும்போது சார்ஜ் போடுகிறேன். பக்கத்து வீட்டு மருமகளும் அந்த நேரம் என்னோடு உட்கார்ந்துதான் பார்ப்பாள். ஒன்றேகால் மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. எட்டே முக்காலுக்கு எடுத்துக் கட்டினால் மறுநாள் சாயங்காலம்வரை கையிலேயே இருக்கும், குளிக்கும்போதும்தான். தண்ணீர் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்ததை நான்தான் நம்பாமல் இருந்தேன். தேவையில்லாத அறிவிப்புகளையும் நிறுத்திவிட்டேன். நீங்கள் அனுப்பும் குட்மார்னிங் ரோஜாப்பூக்கள் இனி என் மணிக்கட்டில் அதிராது, கோபித்துக்கொள்ளாதீர்கள்.

காலை 7.15-க்கு அப்பா வாட்சுக்குச் சாவி கொடுப்பதையும் மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். இருபத்திரண்டு சுற்று. கட்டிலுக்கு எதிரே சுவரில் ஓர் ஆணி இருக்கிறது, அதில் மாட்டியிருக்கிறேன். ஒரு நாளைக்கு ஒரு நிமிடம் பின்தங்குகிறது. மகன் கொடுத்த வாட்சைப் பார்த்து அதைத் திருத்துகிறேன்.

வருகிற புதன்கிழமை மாவுக்கட்டு பிரிக்கிறார்கள். பார்க்க வர நினைப்பவர்கள் அதற்குப் பிறகு வாருங்கள், நானே எழுந்து காபி போட்டுத் தருகிறேன். ஏழரை மணிக்கு மட்டும் வராதீர்கள்.